ஏழாம் வளைவுத் தொண்டர்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் பொண்டாட்டி காளியாயி சொல்கிற வேலை எதையும் செய்வதில்லை என்று நல்லமுத்து முடிவு கட்டினான். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. அது தேயிலைத் தோட்டத்து லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா. முதல் வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டில் ‘நூறாயுசு’ என்பார்கள்.

பாவம், அவனையும் குற்றம் சொல்ல முடியாது. திங்கள் முதல் சனி வரை கங்காணிக்கு ஆள். ஞாயிறு பொண்டாட்டிக்கு ஆள். விறகு சுமந்து, தண்ணி சுமந்து உட்கார்ந்தால் அவள் அண்ணாந்து பார்ப்பாள். அவ்வளவுதான், கூரைப் பேச்சு தொடங்கிவிடும்.

கூரைத் தகரத்தில் தலை நுழைகிற ஓட்டை. போன மழைக்காலம் முழுக்க அது படுக்கையில்தான் ஒழுகியது. அந்த ஈரத்தில்தான் மூத்தவன், ஒன்றரை வயதுப் பிள்ளை, மார்ச்சளி கண்டு போய்ச் சேர்ந்தான். இப்போது பூரணி கைக்குழந்தை. அடுத்த மழைக்கு இன்னும் மூன்றே வாரம். அந்த ஓட்டையைப் பார்த்தாலே நல்லமுத்துவுக்கு மூத்தவன் ஞாபகம் வரும். அதனாலேயே அவன் அண்ணாந்து பார்ப்பதில்லை.

புதுத் தகரத்துக்குத் துரை மனசு வைக்க வேண்டும். துரையிடம் யாரும் நேராகப் போய்ப் பேசிவிட முடியுமா? அவர் வந்தால் றோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கித் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். எதுவானாலும் கங்காணி சின்னராசா வாய் வழியாகத்தான் போக வேண்டும். மீறிப் போனவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. நல்லமுத்து கங்காணியிடம் பதினொரு தடவை சொல்லிவிட்டான். “சொல்றேன், சொல்றேன்” என்று கங்காணியும் பதினொரு தடவை சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற காலைப் பெரட்டில், யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் தம்பிராசா ஒரு காகிதத்தைப் படித்தார்.

“வாற ஞாயிறு கண்டியில இருந்து நுவரெலியாவுக்கு எட்டு நாட்டு ஆக்கள் சைக்கிள் றேஸ் ஓடீனம். இறம்பொடைக்கு மேல, எங்கட தோட்டத்து றோட்டு வளைவுகளில கொடியோட நிக்கத் தொண்டர்மார் வேணும். கூலி இல்லை. ஆர் வாறியள்?”

கூலி இல்லை என்றதும் பெரட்டே தரையைப் பார்த்தது. ஒரே ஒரு கை மட்டும் மேலே போனது. யாருடைய கை என்று சொல்லவும் வேண்டுமா?

கையில் கட்ட ஒரு வெள்ளைப் பட்டியும் ஒரு சிவப்புக் கொடியும் கொடுத்தார்கள். அவன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. தனக்கென்று ஒரு நாடு இல்லாதவன் எட்டு நாட்டுக்காரனுக்கு வழி ஒதுக்கப் போகிறான். நினைக்க நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. கூடவே என்னவோ கசந்தது.

வீட்டுக்கு வந்ததும் காளியாயி தொடங்கினாள். “ஏங்க, அடுப்புக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம தேயிலை மிலாறு பொறுக்கணுமே?”

“முடியாது. சர்வதேச வேல.”

“அப்பிடின்னா?”

“எட்டு நாட்டு வேல புள்ள! ஒனக்குப் புரியாது.”

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றான். அவளோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமா மனுஷன்?

“அங்க ஒங்களுக்கு என்னாங்க வேல?”

“கடைசி சைக்கிள் போற வரைக்கும் ஒருத்தரும் றோட்டைத் தாண்டக் கூடாது. வந்தா, நில்லுன்னு கொடி காட்டணும்.”

“யாரு வந்தாலுமா?”

“யாரு வந்தாலும்.”

“கங்காணி வந்தாலுமா?”

“அவரு என்னா பெரிய இவரா?”

“நான் வந்தா?”

“நீ வந்தா மொதல்ல!”

“அடேயப்பா! தொரையும் வருவாங்களா?”

“ஏழாம் வளைவுல, எனக்குப் பக்கத்துலதான் தொரை, தொரைசாணி எல்லாம்.”

“அப்பச் சரிங்க. தயங்காம நிறுத்துங்க.”

ஞாயிறு விடிந்ததே மூடுபனியோடு. சிணுசிணுவென்று தூறல். துரையும் துரைசாணியும் குடைக்குள் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் கங்காணி கம்பளிக்குள் நின்றார். நல்லமுத்து நனைந்தபடி நின்றான். கீழே இரண்டாம் வளைவில் சைக்கிள் தெரிகிறது என்று யாரோ கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காளியாயி வந்தாள். தலையில் மிலாறுக் கட்டு, இடுப்பில் கம்பளியில் சுற்றிய பூரணி. நேராக ஏழாம் வளைவுக்கே வந்து றோட்டில் காலை வைக்கப் போனாள்.

“நில்லு!”

நின்றாள். கல்யாணம் கட்டி ஆறு வருஷத்தில் அவன் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. விறகுக் கட்டை இறக்கி வைத்தாள். துரையின் காலுக்கு இரண்டடி தள்ளி வைத்தாள்.

துரை திரும்பினார். “ஏய், என்னா இது? பொம்பள ஏன் இங்கே நிக்கிது?”

“நானா வரலீங்க தொரை. தொண்டரு நிறுத்திப்புட்டாரு. கடைசி சைக்கிள் போற வரைக்கும் அசையக் கூடாதாம்.”

“ரைட், ரைட். அவன் சொன்னா நிக்கணும்.”

பூரணி இருமினாள். துரைசாணி குனிந்து பார்த்தாள்.

“ஈரமுங்கம்மா. கூரையில ஓட்டை. போன மழைக்கு இவளுக்கு மூத்தவனைக் குடுத்துட்டேன். இந்த மழைக்கு இவளையும் குடுக்கணும் போல.”

அதைச் சொன்னபோது அவள் நடிக்கவில்லை. நல்லமுத்துவின் கொடி கொஞ்சம் தாழ்ந்தது.

எதிர்ப்பக்கத்தில் கங்காணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பதறிக்கொண்டு றோட்டில் இறங்கினார்.

“ஏங்க, கங்காணி தாண்டுறாரு!”

அவள் சொன்னால் செய்துதானே பழக்கம்? கை தானாக மேலே போனது. “நில்லுங்க!”

கங்காணி நின்றார். அங்கேயே நின்று பல்லைக் கடித்தார். நடுவில் ஒவ்வொரு சைக்கிளாக, சேறு தெறிக்க, எட்டு நாடும் போய்க்கொண்டிருந்தது.

துரைசாணி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். துரையின் முகம் சிவந்தது. “கங்காணி எனக்குச் சொல்லலே! இந்த வாரம் தகரம் வரும். லயம் பூரா புதுசு.” பிறகு மோவாயைச் சொறிந்தார். “ஆனா அடிக்க ஆள் இல்லே. கொழுந்து நிறைய இருக்கு.”

“ஆளுக்கென்னாங்க தொரை? எங்க வீட்டுக்காரரு இருக்காருல்ல? ஞாயித்துக்கெழம கூலியில்லாம வேல செய்யறதுன்னா அவருக்கு உசுரு. பெரட்டுல கை தூக்குன ஒரே ஆளு இவருதாங்க.”

“வெரி குட்!” துரை நல்லமுத்துவின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

கடைசி சைக்கிள் போனது. காளியாயி கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். “இப்பப் போகலாங்களா?”

அடுத்த ஞாயிறு நல்லமுத்து கூரைமேல் இருந்தான். மழை முந்திக்கொண்டு தூறத் தொடங்கியிருந்தது. முதலில் தன் வீட்டு ஓட்டைக்குத் தகரம் வைத்தான். வைப்பதற்கு முன்னால் அதன் வழியாக ஒரு தரம் குனிந்து பார்த்தான். மூத்தவன் படுத்திருந்த மூலை நேர் கீழே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணியை அடித்தான். எப்போதோ அடித்திருக்க வேண்டிய ஆணி.

மூன்றாவது வீட்டை முடிப்பதற்குள் விரலெல்லாம் விறைத்துவிட்டது. இன்னும் ஏழு வீடு. ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிக்கலாம் என்று ஏணியில் காலை வைத்தான்.

கீழே காளியாயி நின்றாள். ஒரு கையில் தேத்தண்ணி. மறு கையில் சிவப்புக் கொடி.

“நில்லுங்க! கடைசித் தகரம் அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது.”