ரேஸ் பாயும் அவர் வண்டியின் மூக்கும்

வேகமாகப் போவதில் துளிகூட விருப்பமில்லாத ஒரு மனிதர், தம் மோட்டார் சைக்கிளைப் பந்தய வண்டியாக மாற்ற ஏன் அவ்வளவு பாடுபட வேண்டும்? பக்கத்து வீட்டிலேயே இத்தனை வருஷம் குடியிருந்தும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. அவரிடமே ஒருமுறை கேட்டேன். தலையில் பூ வைத்திருப்பவளிடம் ஏன் வைத்தாய் என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி என்னைப் பார்த்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆம்பூரில் ரேஸ் பாய் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு ஞாபகம் இருக்கலாம். ஆற்காட்டிலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் அவரைவிட அழகான மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவரும் கிடையாது. அவரைவிட மெதுவாக மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் கிடையாது.

தோல் பதனிடும் டேனரியில் இயந்திரங்களைச் சுழற்றும் பெரிய தோல் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அறுந்தால் தைப்பார், தளர்ந்தால் இறுக்குவார். சண்டைக் காலம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட ஒரு கனத்த மோட்டார் சைக்கிளை எப்படியோ வாங்கி வைத்திருந்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் டேனரிக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற சீமைப் பத்திரிகையில், பந்தய வண்டிகளின் படம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் மீன் தலைபோல் வழவழவென்று ஓர் அலுமினியக் கூடு. அன்றிலிருந்து பாய்க்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி மெஹர் அக்கா சொல்வாள்.

அப்படிப்பட்ட கூடு ஒன்று மெட்ராஸில் ஒரு பந்தயக்காரரிடம் பழசாகக் கிடைத்தது. லாரியில் வந்து எங்கள் தெருவில் இறங்கியபோது, குளிக்கிற தொட்டியா என்று ஒருவர் விசாரித்தார். பாலாற்றில் தண்ணீரே இல்லாதபோது பாய் எதற்குப் படகு வாங்கினார் என்று இன்னொருவர் கவலைப்பட்டார். பாயோ அதை, கல்யாணப் பெண்ணை இறக்குவதுபோல் இரண்டு கைகளாலும் தாங்கி உள்ளே கொண்டுபோனார்.

கூடு வேறு ஏதோ வண்டிக்காகச் செய்தது. அதில் இருந்த துளைகளுக்கும் இவர் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வண்டியின் சட்டத்தில் புதிதாகத் துளை போட்டு முடுக்கிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதற்கு, பாய் காதைப் பொத்திக்கொண்டார். வண்டிக்கு வலிக்குமாம். "போல்ட்டு ஒடஞ்சிடும். பெல்ட்டு ஒடையாது" என்பது அவர் கொள்கை. டேனரித் தோலை வாராக அறுத்து, பக்கிள் தைத்து, குதிரைக்குச் சேணம் கட்டுவதுபோல் வண்டிக்கு அந்தக் கூட்டைக் கட்டினார். மாதக்கணக்கில் நடந்த வேலை அது. கட்டுவார், தள்ளி நின்று பார்ப்பார், ஒரு விரல்கடை ஏறியிருக்கிறது என்று மறுபடி அவிழ்ப்பார்.

கடைசியில் கூடு கச்சிதமாகப் பொருந்தியது. ஹேண்டில்தான் திரும்பவில்லை.

இந்தப் பக்கம் கொஞ்சம் ஒடித்தால் கை கூட்டில் இடிக்கும். அந்தப் பக்கமும் அப்படியே. நேராக மட்டும் போகும் வண்டியாக அது ஆகிவிட்டது. தெருவில் திருப்ப முடியாது என்பதால், வீட்டிலிருந்து கிளம்பினால் மைதானம் வரைக்கும் போய் அங்கே பெரிய வட்டமடித்துத்தான் பாய் திரும்புவார். வாசலிலேயே திருப்ப வேண்டுமானால் மெஹர் அக்கா முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி வைக்க வேண்டும். "ரேஸு வண்டியாம். திருப்பறதுக்கு ஒரு பொம்பள வேணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள், ஒவ்வொரு தடவையும் தூக்குவாள்.

முன்னால் மூக்கு வந்துவிட்டது, பின்னால் மொட்டையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? படத்தில் இருந்ததுபோல் சீட்டுக்குப் பின்னே ஒரு திமிலும் வேண்டும் என்று பாய் தீர்மானித்தார். அதற்கு அலுமினியம் கிடைக்கவில்லை. டேனரிக்காரருக்கு இன்ன சாமான் இல்லை என்றால் கைக்கு வருவது என்ன? பதப்படுத்தாத பச்சைத் தோலை நனைத்து, களிமண் அச்சின்மேல் இழுத்துக் கட்டிக் காயவைத்தார். காய்ந்ததும் பலகை மாதிரி ஆயிற்று. சிவப்பு வர்ணம் அடித்தார். ஆனால் வர்ணத்துக்கு அடியில் இருப்பது என்ன என்று எங்கள் தெரு நாய்களுக்குத் தெரியாதா? வண்டி கிளம்பினால் போதும், மூக்கைத் தூக்கிக்கொண்டு எல்லாம் ஊர்வலமாகப் பின்னால் வரும். அதில் ஒன்றுகூட ஓடாது. ஓடத் தேவையே இல்லை.

ஏனென்றால் பாய் அப்படித்தான் ஓட்டுவார். டாங்கின்மேல் மார்பைச் சாய்த்து, தாடையைக் கூட்டின் மூக்குக்குப் பின்னால் பதுக்கி, கண்ணைச் சுருக்கி, படத்திலிருந்த வெள்ளைக்காரன் மாதிரியே படுத்திருப்பார். வேகம் மட்டும் மாட்டுவண்டி வேகம். தபால்காரர் சைக்கிளில் அவரோடு கூடவே வந்து, குடும்பத்தார் க்ஷேமமெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, நேரமாகிறது பாய் என்று சொல்லி முந்திப்போவார். எங்காவது ஒரு வார் கிறீச்சென்றால் போதும், பாய் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் தடவிப் பார்ப்பார்.

மழை வந்தால் கேட்கவே வேண்டாம். நனைந்த தோல் வார் தளர்ந்துவிடும், பச்சைத் தோல் திமில் கொழகொழத்துவிடும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்; தோலோடேயே பிழைத்தவர். வானம் கறுத்தால் வண்டி வெளியே வராது. வழியில் தூறல் பிடித்துக்கொண்டால், வண்டிக்கு ரெக்ஸின் துணியைப் போர்த்தி அதற்கே குடையும் பிடித்து, தாம் நனைந்துகொண்டு நிற்பார். பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அதைப் பற்றி ஒரு பேஜாரும் இல்லை.

நான் அப்போது முரளியைப் பெற்று வைத்திருந்தேன். ஆசிரியைப் பயிற்சி முடித்தவள், குழந்தை வளர்ப்புப் புத்தகம் வாங்கிப் படித்தவள். படித்ததனால் பயம் அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை. குழந்தை தூங்கினால் ஏன் தூங்குகிறான் என்று மூக்கருகில் விரல் வைப்பேன். விழித்தால் ஏன் தூங்கவில்லை என்று கவலைப்படுவேன். வண்டிச் சத்தத்தில் குழந்தை திடுக்கிடுகிறான் என்று மெஹர் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுநாளிலிருந்து பாய் அந்தக் கனத்த வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் அங்கேதான் ஸ்டார்ட் செய்தார்.

ஐப்பசி மாதம். என் கணவர் ஆபீஸ் வேலையாகத் திருப்பத்தூர் போயிருந்த நாள். காலையில் சாதாரணமாக இருமிய குழந்தைக்கு மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உள்ளே இழுக்கும்போது ஊதல் மாதிரி ஒரு சத்தம். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டை வீங்கியிருக்கிறது, உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வெளியே மழை கொட்டுகிறது. மாதனூர் அருகே புளியமரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டதாம், இரண்டு பக்கமும் பஸ்கள் நிற்கின்றனவாம் என்று ஜட்காக்காரர் சொன்னார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அழக்கூடத் தோன்றவில்லை. காத்திருப்பதா, நடப்பதா, கஷாயம் கொடுப்பதா, எது சரி என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் ஒன்றோடொன்று மோதியது.

மெஹர் அக்கா குழந்தையின் சத்தத்தைக் கேட்டாள். திரும்பி உள்ளே பார்த்து ஏதோ சொன்னாள். பாய் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். குழந்தையைப் பார்த்தார். வானத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியை மழையில் இறக்கினார்.

பின்னால் ஆள் உட்கார இடமில்லை, திமில் இருந்தது. பக்கிளை அவிழ்த்து அதைத் தெருவில் போட்டார். எத்தனையோ மாதமாகக் காத்திருந்த நாய்கள் அதை இழுத்துக்கொண்டு ஓடின. பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஹர் அக்கா தன் துப்பட்டாவால் குழந்தையை என் மார்போடு சேர்த்துக் கட்டினாள். வண்டிக்குப் போர்த்தும் ரெக்ஸின் துணியை பாய் எங்கள் இருவர் மேலும் சுற்றினார்.

"ஒக்காரும்மா. கெட்டியா புடிச்சிக்கோ."

மாதனூரில் மரம் கிடந்தது. சாலையோரச் சரிவில் இறங்கி வளைந்துதான் போக முடியும். இந்த வண்டியோ வளையாது. பாய் யோசித்ததாகத் தெரியவில்லை. இடுப்பிலிருந்த பெல்ட் அறுக்கும் கத்தியை எடுத்து, ஒரு பக்கத்து வார்களை வரிசையாக அறுத்தார். அவரே தைத்த வார்கள். ஹேண்டில் திரும்பியது. அங்கிருந்தவர்கள் பின்னாலிருந்து தள்ளிவிட, சேற்றில் இறங்கி ஏறி அந்தப் பக்கம் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு ரேஸ் பாய் வேகமாகப் போனார். அவர் வேகமாகப் போனதைப் பார்த்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கூட்டின் அறுந்த பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. மற்ற வார்களும் நனைந்து நீண்டுவிட்டன. விரிஞ்சிபுரம் பிரியும் இடத்தில் பெரிய சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அலுமினிய மூக்கு சாலையில் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"பாய், உங்க கூடு வுழுந்துடுச்சு" என்றேன்.

"அது கெடக்குதும்மா. கொழந்தைக்கு மூச்சு வருதா பாரு. அத்த சொல்லு."

"வருது."

கொஞ்ச தூரம் போனதும், "வருதா?" என்றார். "வருது" என்றேன். வேலூர் வரைக்கும் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கி, ஆவி பிடிக்கவைத்து, ஊசி போட்டு, என்னென்னவோ செய்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தொண்டை திறந்து முரளி வீரிட்டு அழுதான். அப்படி ஒரு இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. வராந்தாவில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த பாய், அங்கே நின்ற காவல்காரரிடம், "நம்ம புள்ளதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகுதான் அவர் காலில் செருப்பில்லை என்பதைக் கவனித்தேன்.

குழந்தை தேறி வீடு வந்ததும் என் கணவர் முதல் காரியமாக அந்தக் கூட்டைத் தேடிக்கொண்டு போனார். விரிஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் அதை மல்லாத்திப்போட்டு, கன்றுக்குட்டிக்குக் கழுநீர்த் தொட்டியாக வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, கன்று இதில்தான் குடிக்கப் பழகிவிட்டது என்று வீட்டுக்காரம்மா தயங்கினாள். நாங்கள் பாயிடம் சொன்னோம். அவரே போனார், வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"கன்னுக்குட்டி நல்லா குடிக்குதும்மா. வுட்டுட்டு வந்துட்டேன்."

முரளிக்கு இப்போது நான்கு வயது முடியப்போகிறது. சில மாதங்களுக்கு முன் மெட்ராஸிலிருந்து வேறொரு கூடு லாரியில் வந்து இறங்கியது. முன்னதைவிடப் பெரிசு. ஹேண்டில் இதிலும் திரும்பாது என்றுதான் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முதல் ஓட்டமாம். அதில் முரளியை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகட்டுமா என்று பாய் வாசலில் நின்று கேட்டார். இந்த வாரமா, அடுத்த வாரம் பார்க்கலாமே என்று ஏதோ உளறிவைத்தேன். என் கணவர் தாராளமாக அனுப்பு என்கிறார். அனுப்பினால், அவன் வந்து சேரும்வரை எனக்கு உயிர் இருக்காது. மறுத்தால், என் பிள்ளையின் மூச்சை மழையில் சுமந்துபோனவரிடம் என் பிள்ளையைத் தர நம்பிக்கையில்லை என்று சொன்னதாகாதா?

இன்று காலை எட்டிப்பார்த்தேன். டாங்கின்மேல் பொருத்த, பஞ்சு வைத்து ஒரு குட்டித் தோல் மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் முரளியின் பெயரை ஊசியால் குத்தி எழுத ஆரம்பித்திருக்கிறார். தமிழில் எழுதிப் பழக்கமில்லாதவர். எழுத்தெல்லாம் கோணல் மாணல். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையால் மூடிக்கொண்டார்.

பிள்ளை வளர்த்த தாய்மார்களே, நான் என்ன செய்யட்டும்? தயவுசெய்து யாராவது இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.