சூசை மாமாவை வெட்டின கதை

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. முல்லைத்தீவுக் கலியாண வீடியோ ஒண்டை வெட்டி முடிச்சு அனுப்பவேணும்.

கிளிநொச்சியில வீடியோக் கடை வைச்சிருக்கிற ஆளுக்கு இதெல்லாம் ஒரு வேலையோ!

காலமையே கலியாணப் பொம்பிளையின்ர அம்மா றெஜினா அன்ரி ஃபோன் எடுத்தா.

"பிள்ளை, நாளைக்குப் பூசை முடிய மாப்பிளை வீட்டார் படம் பாக்க வருகினம். என்ர அண்ணர் சூசை வாற இடமெல்லாம் வெட்டிப்போடுங்கோ. அந்தாளின்ர முகமே தெரியக்கூடாது."

"ஏன் அன்ரி?"

"படகு எஞ்சினால வந்த சண்டை. பதினைஞ்சு வருசமாக் கதைக்கிறேல்ல. கூப்பிடாமலே கோயிலுக்கு வந்து நிண்டவர்!"

சரி எண்டு படத்தைப் போட்டுப் பாத்தன். சூசை மாமா இல்லாத இடமே இல்லை. மாப்பிளை கொட்டாவி விட்டது, அன்ரி சமையல்காரரை ஏசினது எல்லாத்தையும் சேர்த்தா வெட்டுறதுக்கு நாப்பத்தியொரு இடம்.

ஒவ்வொண்டா வெட்ட எனக்குப் பஞ்சி, சோம்பல். நெளுக்குளத்தில எடிற்றிங் செய்யிற தினேஷைக் கேட்டன்.

"அக்கா, ஒரு எடிற் லிஸ்ட் எழுதுங்கோ. எந்தக் கிளிப், எந்த நேரத்தில இருந்து எந்த நேரம் வரைக்கும் எண்டு. அதை இம்போர்ட் பண்ணினா மிச்சத்தை சொஃப்ற்வெயார் பாத்துக்கொள்ளும். வரிக்கு வரி இங்கிலீசில 'சி' எண்டு போட மறக்காதேங்கோ."

"அதென்ன சி?"

"கட்."

கட் எண்டா வெட்டு. இதுக்கு மேல விளக்கம் கேக்க நான் என்ன மொக்கோ?

நாப்பத்தியொரு வரியும் எழுதி இம்போர்ட்டை அமத்தினன். ஒரு எரர் கூட வரேல்ல! மூண்டு மணித்தியாலப் படம் ரெண்டு நிமிசத்தில இன்ரநெற்றில ஏறிட்டுது. கிளிநொச்சியில இவ்வளவு வேகமோ எண்டு புளகாங்கிதப்பட்டுக்கொண்டு லிங்கை அனுப்பினன். படத்தைத் திறந்து பாக்க வேணுமெண்டு தோன்றவேயில்லை. அவ்வளவு நம்பிக்கை என்னில!

ஞாயிறு மத்தியானம் அன்ரி ஃபோன் எடுத்தா.

"பிள்ளை, தாலி எங்க?"

"என்ன அன்ரி?"

"தாலி கட்டினது எங்க? மோதிரம் எங்க? படமே பதினாலு நிமிசம்தான், அவ்வளவும் அண்ணர் நிண்டு அழுகிறார்! நடுவில நான் ஏசுறன்! மாப்பிளை கொட்டாவி விடுறார்! சம்மந்தி வீட்டு ஆக்கள் முழுப்பேரும் பாத்துக்கொண்டு இருக்கினம்!"

உடன தினேஷுக்கு ஃபோன் எடுத்தன்.

"ஐயோ அக்கா! லிஸ்டில எழுதுறது வைச்சிருக்கவேண்டிய துண்டுகளை! கட் எண்டது ஒரு துண்டு முடிய மற்றத் துண்டுக்குப் போறது!"

வெக்கத்தில எனக்கு அழுகையே வந்திட்டுது. இரவிரவா இருந்து, லிஸ்டும் மண்ணும் இல்லாமல், கையாலேயே வெட்டி ஒழுங்கான படத்தை அனுப்பினன்.

ஒரு கிழமையால அன்ரி திரும்ப எடுத்தா. ஏச்சு வாங்க ஆயத்தமா நிண்டன்.

"பிள்ளை, அந்தப் பழைய படத்தை மாப்பிளை வீட்டார் அண்ணருக்கு அனுப்பிப்போட்டினம். தன்னில எனக்கு இவ்வளவு பாசமோ எண்டு அழுதழுது வீட்டை வந்திட்டார். இப்ப ஒவ்வொரு நாளும் மீனோட வாறார்."

"நல்லதுதானே அன்ரி!"

"நல்லதுதான். எனக்கும் சந்தோசம்தான். ஆனா பதினைஞ்சு வருசக் கதையையும் இருந்து கதைக்கிறார், எழும்பிப் போறாரில்லை. இதுக்கும் உங்களிட்ட ஏதும் லிஸ்ட் இருக்கோ?"

"இருக்கு அன்ரி. ஆனா நான் எழுதினா அவர் பெட்டி படுக்கையோட வந்திடுவார்."