இருக்கியா பாய்

இந்த உலகத்திலேயே சாவுக்கு அதிகம் பயந்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் 'இருக்கியா பாய்' என்பேன். மாலத்தீவில் ஒரு குட்டித்தீவு ஓட்டலில் நான் காய்கறி நறுக்கிய காலத்தில், அங்கே துணி வெளுத்தவர். அவருக்கு ஊர் ஏர்வாடி, எனக்குப் பக்கத்திலிருக்கும் சிக்கல். ஊரில் ஒரே பஸ்ஸில் போயிருப்போம், பேசியிருக்க மாட்டோம்.

தேங்காய் விழுந்து மண்டை உடைந்துவிடும் என்று, தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டுதான் தென்னந்தோப்பைக் கடப்பார். கொசுவுக்குப் பயந்து கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைப்பார். கடற்கரையில் பிறந்தவர், தீவுக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை.

"ஏன் பாய், ஏர்வாடியில நீந்துவீகல்ல?"

"அது நம்மளத் தெரிஞ்ச கடலுலே. இதுக்கு நான் யாருன்னே தெரியாது."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். காலைத் தொல்லையைத்தான் தாங்க முடியாது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, வேலைக்காரர்களின் அறைக்கதவுகளை ஒன்று விடாமல் தட்டுவார்.

"இருக்கியா?"

"இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முனகினால் செல்லாது. ஒருநாள் ரொட்டி மாஸ்டர் எரிச்சலில், "இல்ல, செத்துட்டேன்!" என்று கத்தினார்.

"சரி, சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று பாய் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

நான் சண்டைக்கே போனேன். பாய் தலைச்சட்டியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "முன்ன இருந்த தீவுல, பக்கத்து ரூம்காரன் மவுத்தாகி ரெண்டு நாளு யாருக்கும் தெரியல. லீவுல போயிருப்பான்னு நெனச்சோம். நானுந்தான் நெனச்சேன்."

அதன்பிறகு நான் முனகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விழித்தபோது ஜன்னலில் வெயில். யாரும் தட்டவில்லை. அப்பாடா என்று புரண்டு படுத்தவன், திடுக்கிட்டு எழுந்தேன். எல்லார் கதவையும் தட்டுகிறவரின் கதவை, இத்தனை வருஷத்தில் ஒருவரும் தட்டியதில்லை. சலவைக் கொட்டகையை ஒட்டி, தோப்புக்கு அந்தப் பக்கம் தனி அறை அவருக்கு. ஓடினேன்.

"பாய்! இருக்கீகளா?"

பதில் இல்லை. மறுபடி தட்டினேன்.

உள்ளேயிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது. "இருக்கேம்லே... காச்ச. எந்திரிக்க முடியல. விடிஞ்சதுலருந்து இருக்கேன், இருக்கேன்னு சொல்லிக்கிட்டே கெடக்கேன். கேக்கத்தான் ஆளில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்து, படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டெங்கு. கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏலே, சட்டி போடாமயா தோப்புக்குள்ள ஓடியாந்த? அறிவிருக்கா ஒனக்கு?"

நான் ஊர் திரும்பும்வரை, தினமும் முதலில் அவர் கதவு தட்டப்பட்டது. தட்டியது நான்.

அவர் பயந்தபடி நடக்கவில்லை. பிற்பாடு ஏர்வாடியில், பிள்ளைகள் சுற்றி நிற்கப் போய்ச் சேர்ந்தார். நான்தான் சிக்கலில் தனியாக இருக்கிறேன். விடிந்தால் கதவைத் தட்ட ஆளில்லை. ஆனாலும் கண் விழித்ததும், "இருக்கேன் பாய்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

முனகினால் செல்லாது.