மைக்கை விடாத செயலி

“அப்பா, உங்க போன்ல மேல பச்சைப் புள்ளி எரியுது பாருங்க. மைக் இன்னும் ஓடிட்டிருக்கு.”

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகள் இதைச் சொன்னபோது குடியிருப்புச் சங்கச் செயலாளர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தி பாதியில் நின்றது.

பத்தரை மணிக்குத்தான் கைபேசியில் அறிவிப்புச் செயலியைத் திறந்து, “பதினோரு மணிக்குத் தொட்டி கழுவுகிறோம். தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்” என்று பேசியிருந்தார். அதில் பேசினால் மாடிக்கு மாடி படிக்கட்டில் இருக்கும் ஒலிபெருக்கிகள் அலறும். இப்போது மணி பதினொன்றேகால்.

“நான் அப்பவே மூடிட்டேனே!”

“எப்படி மூடினீங்க?”

“கீழேருந்து மேல தள்ளினேன். போயிடுச்சு.”

“போகலப்பா, மறைஞ்சுது. ஆப் பின்னாடி மைக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. முதல்ல ‘நிறுத்து’ன்னு அமுக்கணும், அப்பதான் மைக்கை விடும். அதுக்கப்புறம் மூடணும்.”

அமுக்கிக் காட்டினாள். புள்ளி அணைந்தது. ‘ஒலிபரப்பு நேரம் 46 நிமிடம். நன்றி’ என்றது செயலி.

துணி துவைக்கும் இயந்திரம் அப்போதுதான் ஓய்ந்தது. “இந்தச் சத்தத்துல நமக்கே ஒண்ணும் கேக்கலையே” என்றார் மனைவி.

“ஐயையோ, நாம என்னல்லாம் பேசினோம்?”

“நாம இல்ல, நீங்க. நான் ‘உம்’ மட்டும்தான் கொட்டினேன்.”

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். ஆறு வருடமாக அவரை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை.

“வாயைத் திறக்காம இருங்க, தானா அடங்கிடும்” என்றார் மனைவி.

“முந்திக்கிட்டு மன்னிப்புக் கேட்டாத்தான் மரியாதை” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் மாடியில் பாட்டு டீச்சர் கதவைத் திறந்தார்.

“அம்மா, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க.”

“எதை?”

எவ்வளவு பெருந்தன்மை! ஆனாலும் என் வாயாலேயே வரவழைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். “அதான்... நீங்க பாட ஆரம்பிச்சா பல்லியெல்லாம் சுவரை விட்டு விழுதுன்னு...”

டீச்சரின் முகம் சிவந்தது. “இன்னொரு தடவை சொல்லுங்க?”

“ஒரு தடவை சொன்னதுக்கே வெட்கமா இருக்கு!” என்று சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படிகளாகத் தாவினார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சரும் வந்துகொண்டிருந்தார்.

இரண்டாம் மாடியில் பல் டாக்டர். இங்கே பக்குவமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

“டாக்டர், உங்களைப் பத்திச் சொன்னது சும்மா விளையாட்டுக்கு.”

“என்னைப் பத்தியா? என்ன சொன்னீங்க?”

“வலிக்காத பல்லைப் பிடுங்கிட்டு, ‘வலி போச்சா’ன்னு கேப்பீங்கன்னு... ஆனா சத்தியமா அது என் சரக்கு இல்ல. மேல இருக்கிற நீதிபதி சொன்னது. நான் திருப்பித்தான் சொன்னேன்.”

“நீதிபதியா?” என்ற டாக்டர், கதவைக்கூடச் சாத்தாமல் மேலே நடந்தார்.

செயலாளர் அவரை முந்திக்கொண்டு ஓடி மூன்றாம் மாடி மணியை அழுத்தினார். ஓய்வுபெற்ற நீதிபதி இடுப்பில் துண்டும் தலை நிறையச் சோப்பு நுரையுமாக வந்து நின்றார்.

“ஏன்யா, முன்கூட்டியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

செயலாளர் கைகளைக் கூப்பினார். “முகத்துக்கு நேரா சொல்லத் தைரியம் வரலீங்க ஐயா. நீங்க ‘சுருக்கமாச் சொல்றேன்’னு ஆரம்பிச்சா ஆளுக்கொரு தலையணை வேணும்னு...”

நீதிபதி ஒரு கண்ணிலிருந்த நுரையை வழித்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தார்.

“என் கையைப் பத்தி ஊரெல்லாம் என்ன சொல்லிட்டிருக்கீங்க?” என்று பின்னாலிருந்து சீறினார் டாக்டர்.

“நான் எங்கய்யா சொன்னேன்?”

“பல்லி விழுதாம், பல்லி!” என்றார் மூச்சு வாங்கிய டீச்சர்.

கொஞ்ச நேரம் படிக்கட்டே இரண்டுபட்டது. டாக்டரும் நீதிபதியும் விரலை நீட்டிக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே சமயத்தில் செயலாளர் பக்கம் திரும்பினார்கள்.

நீதிபதி வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சுருக்கமாகப் பேசினார். “ஞாயித்துக்கிழமை செயலாளர் பதவிக்கு நான் நிக்கிறேன்.”

“என் ஓட்டு உங்களுக்குத்தான்” என்றார் டீச்சர்.

“எங்க வீட்டுல நாலு ஓட்டு” என்றார் டாக்டர்.

செயலாளர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல எண்ணத்தில்தானே வந்தோம், ஏன் இவர்கள் ஆற்ற ஆற்றக் கொதிக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

அப்போது தோளில் ஒரு கனத்த பெட்டியுடன் எலக்ட்ரீஷியன் மேலே ஏறி வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி நின்று, செயலாளரிடம் பணிவாகச் சொன்னார்:

“சார், ஸ்பீக்கருக்கெல்லாம் போற ஆம்ப்ளிஃபயர் காலையில எட்டு மணிக்கே புகைஞ்சுபோச்சு, இப்பதான் சரிபண்ணி எடுத்துட்டு வரேன். ஏதாவது அறிவிக்கணும்னா, இனிமே தாராளமா அறிவிங்க.”