ஒற்றைக்கால் டெல்மருக்கு நம்பர் பிளேட் கிடைத்த விதம்

அன்புத் தங்கை ஆர்லிஸுக்கு,

அண்ணன் டெல்மர் எழுதுவது. இங்கு நானும் மக்காச்சோளமும் நலம். மாப்பிள்ளையின் முதுகு உட்பட அங்கும் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இடுப்பு ஆபரேஷன் முடிந்து உன் அண்ணி லவோன் இன்னும் மருத்துவ விடுதியில்தான் இருக்கிறாள். பார்க்க விடுவது மூன்றிலிருந்து நான்கு வரை. வண்டியைக் கடைக்கோடியில் விட்டுவிட்டுப் பொய்க்காலோடு நான் போய்ச் சேர்வதற்குள் அதில் பாதி நேரம் போய்விடுகிறது. அவளோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வாசலோரம் வண்டியை நிறுத்த, ஊனமுற்ற படைவீரர்களுக்கென்று தரும் நம்பர் பிளேட் வேண்டும். போன வருஷம் ஒன்பது பக்கப் படிவத்தைப் பாதி மட்டும் நிரப்பி அனுப்பிவிட்டுக் கைகழுவினேன் அல்லவா, "நான் வந்து நிரப்பித் தர்றேன், உனக்கு வராது" என்று போனில் சொன்னாயே, நீ வரவே வேண்டாம். எல்லாம் முடிந்தது.

இப்போ சட்டத்தைச் சுலபமாக்கிட்டாங்க. வருஷா வருஷம் டாக்டர்கிட்ட போய், கால் இன்னும் முளைக்கலைன்னு எழுதி வாங்க வேண்டாம். கால் இல்லைன்னு அரசாங்கக் காகிதம் ஒண்ணு சொன்னா போதும். பட்டாளத்துக் காகிதத்தை லவோன் எங்கே வெச்சாளோ, கேட்டா விஷயம் தெரிஞ்சுடும், அவளை அசத்தணும்னு இருந்தேன். அதனால காலையே காட்டிக்கலாம்னு வண்டிப் பதிவு ஆபீஸுக்குப் போனேன். அங்கே வாசலோரம் இருந்த ஒரே காலி இடம் பிளேட் உள்ளவங்களுக்காம். பிளேட் வாங்கத்தானே வந்திருக்கேன்னு அங்கேயே நிறுத்திட்டு உள்ளே போனா, கவுன்ட்டர்ல ட்ரூடி, "கால் இல்லேன்னு எனக்குத் தெரியுது டெல்மர், காகிதம்தான் தெரியலை"ங்கறா. வெளியே வந்தா என்னைத் தெரிஞ்ச போலீஸ்காரப் பையன் கண்ணாடியில அபராதச் சீட்டைச் சொருகிட்டிருக்கான். படிச்சேன். "ஒரு கால் இல்லாத முதியவர், உரிய பிளேட் இன்றி நிறுத்தியுள்ளார்." முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் கனகச்சிதம். அப்படியே ட்ரூடிகிட்ட கொண்டுபோய் நீட்டினேன். மூணு தடவை படிச்சா, உள்ளே போய்க் கேட்டுட்டு வந்து பிளேட்டை எடுத்துக் கொடுத்தா. அன்னிக்கு மூணு அடிக்கும்போது லவோன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். "என்ன, ஓடி வந்தீங்களா?"ன்னா.

கையெழுத்து நேராக இருப்பதைக் கவனித்தாயா? ஆடிக்கொண்டிருந்த சமையலறை மேஜைக்கும் நானே வைத்தியம் பார்த்துவிட்டேன், தபாலில் வந்த தட்டையான விளம்பர உறை ஒன்றைக் காலுக்கடியில் கொடுத்து. உன் அண்ணனுக்கு இனி யார் உதவியும் தேவையில்லை.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ ஆசிகள்.

அன்புள்ள அண்ணன்,
டெல்மர்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் லவோன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் மேஜைக்கடியில் இருந்ததை உருவச் சொன்னாள். அது விளம்பரமில்லை. பழைய மனு நிலுவையில் உள்ளவர்கள் இனி எதுவுமே செய்ய வேண்டாம் என்று ஒரு கடிதமும், கூடவே ஒரு பிளேட்டும். வந்து மூன்று வாரமாகிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரிச்சது அன்னிக்குத்தான். ஒரு பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கணுமாம். அதைச் சுலபமாக்க யாருக்கும் தோணலை, படிவம் பதினோரு பக்கம். சனிக்கிழமை பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேர். மேஜை மறுபடி ஆடுது.