ஒன்றுக்கும் உதவாத குட்டை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, தன் கட்சிக்கு எதிராகப் பேசித் தன் கட்சியை ஜெயிக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் சூப்பர்வைசர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஊரான பண்டமாரானில் யாருக்கும் தெரியாது. மனைவியே, "சூப்பர்வைசர், சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது மரியாதைக்குச் சொல்வது. மிஷின் ஒன்று உள்ளே வந்தது, இவர் வெளியே வந்தார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், கடைசி வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கோரைப்புல், தவளை, கொசு, ஒரு கிழட்டு உடும்பு. குட்டையின் சொத்து அவ்வளவுதான். அது ஏதோ ஓவர்டைம் செய்வதுபோல இவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

பறவை, பூச்சி பற்றியெல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பறந்தால் கொக்கு, நீந்தினால் மீன். அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது.

"அண்ணே, அந்தக் கிளையில நீலமா உட்கார்ந்திருக்கே, அது என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீலக் கொக்கு."

குட்டையில் மண்ணைக் கொட்டி மூடி, துறைமுக லோரிகள் நிறுத்த இடம் செய்யப்போகிறார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. தாமானே கொதித்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர், நம் ஆட்கள் வழக்கமாக எடுக்கும் ஆயுதத்தை எடுத்தார். குட்டையோரத்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அடியில் ஒரு சூலத்தை நட்டுவிட்டார். இனி எவன் கைவைப்பான் என்று அவருக்கு ஒரே தெம்பு.

மறுநாள் காலையில் அந்தச் சூலம் சூப்பர்வைசரின் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. அதைக் கழுவி, குங்குமம் வைத்து, ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, கோயிலில் ஒப்படைக்கக் கிளம்பிவிட்டார். வழியில் ஆன்ட்டிகள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

தலைவர் வெடித்தார். "உங்களுக்கு மூளை இருக்கா? குட்டையக் காப்பாத்தத்தானே வெச்சேன்!"

"சாமி வந்து ஜாமீன் நின்னாத்தான் ஒரு குட்டை இருக்கலாமா? நாளைக்கு சாமிக்கு வேற இடம் குடுத்துட்டா, குட்டைய மூடிடலாமா? சொல்லுங்க லா."

தலைவர் சூலத்தை மறந்து வேறு ஆயுதம் தேடினார். அதனால் எனக்கு வேலை வந்தது. பத்திரிகையில் எழுதுகிறவன் ஆயிற்றே, நகராண்மைக் கழக அதிகாரி வரும்போது நீதான் பேச வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பொது மண்டபத்தில் கூட்டம். நான் நன்றாகவே பேசினேன். மழைத்தண்ணீர் முழுவதும் குட்டைக்குத்தான் போகிறது, அது இல்லாவிட்டால் எங்கள் சோபாக்கள் மிதக்கும் என்றேன். நல்ல கைதட்டல்.

வந்திருந்த அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணிதான் பிரச்சினைன்னா பெரிய லோங்காங் கால்வாய் வெட்டி, பம்ப் வெச்சுத் தரோம். அப்புறம் குட்டை எதுக்கு சார்?" என்றார். என் வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

பின்வரிசையில் சூப்பர்வைசர் எழுந்தார்.

"மேடம் கேட்டது கரெக்ட். அந்தக் குட்டை எதுக்கும் இல்ல."

தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஃபேக்டரியில என் வேலையே, 'நீ எதுக்கு இருக்கே'ன்னு ஒவ்வொருத்தனையும் கேக்குறதுதான். சொல்லத் தெரியாதவன வீட்டுக்கு அனுப்பிடுவேன். கடைசில என்னையே கேட்டாங்க. எனக்கும் சொல்லத் தெரியல. கேள்வியே தப்பு மேடம். இன்ன வேலை செய்யுதுன்னு சொன்னா, அந்த வேலைக்கு ஒரு பம்ப் வந்துடும். குட்டை இருக்கு. இருக்கட்டும். நான் மூட விடமாட்டேன்."

"அங்கிள், யாருக்காவது அது வேணும்னாவது சொல்லுங்க" என்றார் அதிகாரி, கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

"எனக்கு வேணும்."

கடைசி வீட்டு ஆன்ட்டி எழுந்தார். "எனக்கும் வேணும். தவளை கத்துனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"அது பயன் ஆன்ட்டி! உட்காருங்க!" என்று அதட்டினார் சூப்பர்வைசர்.

"நான் அங்க மீன் புடிப்பேன்" என்று ஆரம்பித்தார் ரொட்டிக் கடை பாய்.

"அதுவும் பயன்! உட்காருங்க பாய்!"

ஆதரவாகப் பேச வந்தவர்களில் ஒருவரையும் விடவில்லை, எல்லோரையும் அதட்டி உட்கார வைத்தார். கடைசியில் காரணம் சொல்லப் பயந்துபோய், மண்டபமே "வேணும், வேணும்" என்று மட்டும் கத்தியது. நானும்தான் கத்தினேன். "இத நான் மேலிடத்துல எப்படிச் சொல்றது?" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார் அந்தப் பெண். எப்படிச் சொன்னாரோ, லோரிகளுக்கு வேறு இடம் கிடைத்தது. குட்டை பிழைத்தது.

போன மாதம் சூப்பர்வைசருக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் குழறல். பார்க்கப் போனேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் எதுக்கு தம்பி?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஊரையே அதட்டி உட்கார வெச்சவரு கேக்குற கேள்வியா இது? நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ணே. நீங்க எங்களுக்கு வேணும். நான் வந்து பேச வேற யாரு இருக்கா?"

அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

"பேச ஆள் வேணுமா? அது பயன் ஆச்சே லா."

"இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றேன். பிடித்திருந்த கையை நான் விடவில்லை.