களத்தில் நாற்காலி போடாத கதை

அன்பும் அடக்கமும் நிறைந்த மைத்துனர் தங்கமணி அவர்களுக்கு, கீழக்கோவனூர் ரெங்கசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காளும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது. என் சுகத்தைக் கெடுத்துவிட்டுத்தானே பட்டணத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

"பல்கலைக்கழகத்துலயே நடத்துறாங்க அத்தான், கௌரவமான படிப்பு" என்று சொல்லி என் மகள் வள்ளியம்மையைச் சினிமாக் கோட்பாடும் அழகியலும் படிக்கச் சேர்த்தவர் நீங்கள். சினிமாக்காரர்கள் ஆளுகிற நாடு, எதற்காவது உதவும் என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது ஊரில் தலைகாட்ட முடியவில்லை. "பொண்ணு நடிக்கப் படிக்குதா?" என்கிறார்கள். இல்லை என்கிறேன். "படம் எடுக்கவா?" அதுவும் இல்லை. "அப்ப எதுக்கு?" படம் பார்க்க என்றால், "நாங்க டிக்கெட் வாங்கியே பாத்துக்கிட்டிருக்கமே" என்று சிரிக்கிறார்கள். பொங்கல் லீவில் வந்தவள் டென்ட் கொட்டகைக்குப் போனாள். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கேட்டால், "அதுதாம்ப்பா பாடமே" என்கிறாள்.

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். சம்பா முற்றிச் சாய்ந்து மணி உதிர்கிறது, கூலித் தகராறில் ஆட்கள் அறுக்க இறங்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். களத்தில் மிராசுதாருக்கு நாற்காலி, ஆட்கள் எதிரே தரையில். மிராசுதார் துண்டை உதறி எழுந்தால் பேச்சு முறிந்தது. இரண்டு தரம் நான் அப்படி எழுந்து வந்தாகிவிட்டது. மூன்றாம் தரம் கிளம்பும்போது இவள் குறுக்கே வந்து, "நாற்காலி வேண்டாம்ப்பா. அவங்க ஒங்களக் கீழேருந்து பாக்குறாங்க, நீங்க வில்லன் மாதிரி தெரியிறீங்க. அவங்க ஒங்க கண்ணுக்கு வெறும் தலையாத்தான் தெரியிறாங்க. கோணத்த மாத்துங்க" என்றாள். பயிர் போகிற பயத்தில் நானும் சரியென்று தரையில் சம்மணம் போட்டேன். என் முழங்கால் வாதத்தை அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

ஆட்களுக்குத் தலைவன் மருதையன் கூலியைச் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது, வழக்கம்போலத் துண்டை உதறினேன். எழுந்திருக்க வேண்டுமே? முட்டி பிடித்துக்கொண்டது. வலிக்கிறது என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. உதறிய துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு முறிந்ததென்று எழப் போன ஆட்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பிறகு அறுப்புக்காரி அம்சம் என்பவள் ஆரம்பித்தாள்: "அய்யா, கதிர்க்கட்டத் தூக்கிக்கிட்டு வாய்க்கால்ல எறங்கி ஏறி வர்றோம். நடுவுல பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கப் போனா ஒங்க காரியக்காரரு அரைக்கூலிங்கிறாரு. இதச் சொல்லத்தான் போன வருஷமும் வந்தோம். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க." அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது, வேறெங்கே பார்ப்பது? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேட்ட கூலிக்குச் சம்மதித்தேன், அரைக்கூலி பிடிப்பதையும் நிறுத்தச் சொன்னேன். அப்புறமும் என்னால் எழ முடியவில்லை. மருதையன்தான் கையை நீட்டினான், பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஊரே பார்த்தது. அந்தக் கையை இந்த வயதில்தான் முதல் தடவையாகப் பிடிக்கிறேன்.

மறுநாள் அறுப்பு நடந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற மிராசுதார்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பக்கத்து வயல் வைத்தியலிங்கம், "மகளப் படிக்க வச்சு எங்க எல்லாரையும் தரையில தள்ளிட்டீரே" என்று கடைத்தெருவில் வைத்தே கேட்டுவிட்டார். ஆகவே இந்தப் படிப்பு இதோடு போதும். வள்ளியம்மை இன்று ரயில் ஏறுகிறாள், முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் அழுதாலும் சரி, நீங்கள் நேரில் போய் டி.சி.யை வாங்கி அவளை அடுத்த வண்டியிலேயே ஊருக்கு அனுப்பவும். அழகியலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கோலம் போடத் தெரிந்தால் போதும்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் குடும்பம் குறைவில்லாமல் வாழ அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமும் பிரியமும் உள்ள அத்தான்,
ரெங்கசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வைத்தியலிங்கம் கொல்லைப்பக்கமாக வந்தார். அவர் வயலில் இன்னும் ஆள் இறங்கவில்லையாம். "நாலு நாள் கழிச்சு என் களத்துலயும் பேச்சு, பாப்பா வந்து என்னத் தரையில ஒக்கார வைக்கட்டும்" என்றார். ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம், ஒரு வாரம் கழித்து வருவாள். டி.சி. கிடக்கட்டும், கேட்காதீர்கள். அவளுடைய பேராசிரியரிடம் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டு உடனே தந்தி அடியுங்கள்: வைத்தியலிங்கத்துக்கு முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை, நினைத்தால் எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர்களை உட்கார வைக்க அந்தப் படிப்பில் ஏதாவது வழி இருக்கிறதா?